மஞ்சள் மேற்சட்டையும் தானியங்கி விளக்கும்

பள்ளிக்கூடத்திற்கு எதிரேயுள்ள பாதசாரிகள் கடக்கும் இடத்தில் பதினோரு ஆண்டுகளாக மஞ்சள் மேற்சட்டை அணிந்து வாகனங்களை நிறுத்தி வந்த பெண்மணிக்கு மாற்றாக, நகராட்சி ஒரு தானியங்கிக் கருவியை நிறுவியது. மனிதர்கள் ஓரத்தில் வந்து நின்றால் அதன் கேமரா கண்டுகொள்ளும். உடனே வாகனங்களுக்குச் சிவப்பு விளக்கு எரியும். வெள்ளிக்கிழமைச் சோதனையில் கருவி தேறிவிட்டால், பெண்மணி திங்கள் முதல் நகராட்சி அலுவலகத்தின் அடித்தள அறையில் பழைய கோப்புகளுக்குக் காவல் இருக்க வேண்டும். ஜன்னலற்ற அவ்வறையை நினைத்தாலே அவருக்கு மூச்சு முட்டியது.

பேருந்து ஓட்டுநரான கணவரோ, "உனக்கு சக்களத்தி வந்துட்டா. அதுவும் லீவே போடாத சக்களத்தி" என்றார்.

மூன்று மாதங்களாகப் பள்ளி வேளைகளில் மக்கள் சாலையைக் கடப்பதைப் பார்த்துப் பார்த்தே கேமரா பாடம் கற்றிருந்தது. அதன் கல்வியில், கருவியை அமைத்த இளம் பொறியாளருக்குப் பெருமிதம் மிகுதி.

வெள்ளியன்று ஆணையர் வந்தார். பெண்மணி மேற்சட்டையைக் கழற்றிக் கையில் மடித்துப் பிடித்தவாறு ஒதுங்கி நின்றார். பிள்ளைகளுடன் பன்னிரண்டு பெற்றோர்கள் வந்து நின்றனர். வாகனங்களுக்குப் பச்சை விளக்கே எரிந்தது. பொறியாளர் அவர்களை அசையாதிருக்கச் சொன்னார். பிறகு அசையச் சொன்னார். இறுதியில் தாமே நின்று கையாட்டினார். கருவி அவரையும் பொருட்படுத்தவில்லை.

பள்ளி மணி அடித்தது. பிள்ளைகள் தவிப்பதைக் காணப் பொறுக்காத பெண்மணி, சட்டையை மாட்டிக்கொண்டு முன்னே வந்தார். அக்கணமே சிவப்பு எரிந்தது. வாகனங்கள் பணிவுடன் நின்றன. கருவி தேறிவிட்டது, தம் வேலைக்குத் தாமே உலை வைத்துக்கொண்டதாக எண்ணி அவர் மனம் நொந்தார்.

பொறியாளர் தலையைச் சொறிந்தார். "அக்கா, உங்க சட்டை இல்லாம இது யாரையும் பார்த்ததே இல்ல. அது இருந்தாத்தான் ஆளுங்க நிக்கிறாங்கன்னு நெனச்சுக்கிச்சு."

"அப்போ இந்தப் பன்னெண்டு பேரு?"

"அதுக்குத் தெரியல."

"பரவாயில்ல தம்பி. வண்டி ஓட்டுறவங்களுக்கும் அப்படித்தான்."

கருவிக்குப் புதிய பாடம் கற்பிக்க, பெண்மணி இல்லாமல் மக்கள் கடக்கும் காட்சிகள் தேவை. அவர் இல்லாவிடிலோ எவரும் கடக்க இயலாது. திறப்பு விழா அழைப்பிதழ்களும் அச்சாகியிருந்தன. ஆகவே ஆணையர் சோதனை வெற்றி என்று அறிவித்து, கருவியின் உறுப்புகள் பட்டியலில் கம்பம், கேமரா, விளக்கு ஆகியவற்றுக்கு அடுத்ததாகப் பெண்மணியையும் சேர்த்தார். தானியங்கி என்பதால் அவர் கையைத் தூக்கலாகாது என்பது மட்டுமே நிபந்தனை.

திங்களன்று மாலை, சக்களத்தி எப்படி இருக்கிறாள் என்று கணவர் விசாரித்தார்.

"நான் போய் நின்னாத்தான் கண்ணே தொறக்குறா" என்று கூறிவிட்டு, பெண்மணி மேற்சட்டையைத் துவைக்கப் போட்டார்.