ஒற்றைக் கதிர்

பார்லிச் செடியின் டியூபுலின் மரபணுக்களோடு மல்லுக்கட்டியே அவள் கணவனின் ஆயுள் போனது. டியூபுலின் என்பது செல்லுக்குள் தூண்போல நின்று அதைத் தாங்கும் புரதம். அதை உண்டாக்கும் மரபணுக்கள் பல; வேரில் ஒன்று, இலையில் ஒன்று என்று ஆளுக்கோர் இடத்தில் வேலை பார்க்கும். எங்குமே வேலை செய்யாத சோம்பேறி என்று எல்லாரும் ஒதுக்கிய ஒரு மரபணு, தான் உருவாக்கிய செடியின் மகரந்தத்தில் வேலை செய்கிறது என்று அவன் அடித்துச் சொன்னான். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிறான் என்று கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். நிரூபிப்பதற்குள் மாரடைப்பு அவனைக் கொண்டுபோய்விட்டது.

அதே ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த அவள், அவன் விட்டுப்போன விதைகளை ஊன்றினாள். குளிர்பெட்டி பழுதாகி எல்லாம் கெட்டுப்போயிருந்தன, ஒன்றுதான் முளைத்தது. நோஞ்சான் செடி. தலையால் தண்ணீர் குடித்துக் காப்பாற்றினாள். ஒரே ஒரு கதிர் விட்டது. வீட்டில் படுத்த படுக்கையாகக் கிடந்த மாமியார் மகனைப் பற்றி வாயே திறக்கமாட்டார். செடிக்குத் தண்ணீர் ஊற்றினாயா என்று மட்டும் தினமும் கேட்பார்.

ஆய்வுக்கூடத் தலைவருக்குத் தராசு என்று பட்டப்பெயர். எதையும் எடைபோட்டே பேசுவார். மரபணு வேலை செய்கிறதா என்று பார்க்க, பூக்கும் முன்பே கதிரைப் பறித்து, உறையவைத்து, மாவாக அரைக்க வேண்டும். மகரந்தப் பைகளோ கடுகிலும் சிறியவை. பாதியை விதைக்கு விட்டுவைத்தால் சோதனைக்குப் போதாது.

"விதை வேணுமா, அவர் சொன்னது உண்மைன்னு தெரியணுமா? ரெண்டுல ஒண்ணுதான்மா," என்றார் தராசு.

புருஷனைப் பொய்யனாக விட்டுவைக்க அவளுக்கு மனம் வரவில்லை. கதிரைக் கத்தரித்தாள். மாவாகும்வரை அரைத்தாள், நிறுத்தவில்லை. மிச்சமிருந்த தண்டும் சில நாளில் காய்ந்துபோனது.

முடிவு வந்தது. அந்தச் சோம்பேறி, மகரந்தப் பைகளில் மாடாய் உழைத்திருந்தது. சிரித்தவர்களெல்லாம் வரிசையாக வந்து கைகுலுக்கினார்கள். பாவிகள், அவன் இருக்கும்போது ஒருத்தராவது வந்திருக்கலாம்.

வீட்டுக்கு வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் மாமியாரின் கட்டிலருகே உட்கார்ந்தாள்.

"அத்தை, அவர் சொன்னதுதான் சரி. எல்லாரும் ஒத்துக்கிட்டாங்க."

"என் புள்ள பொய் சொல்லமாட்டான்னு எனக்குத் தெரியாதாம்மா?" என்றார் மாமியார். அவருக்கு அது ஒரு சேதியே இல்லை. "செடி எப்படி இருக்கு? கதிர் முத்திடுச்சா?"

அவள் குனிந்து செருப்பைக் கழற்றினாள்.

"அரைச்சாத்தான் தெரியும்னாங்க அத்தை. அரைச்சுட்டேன்."

மகன் போன அன்று கல்லாகக் கிடந்த அந்த மனுஷி, அப்போதுதான் வாய்விட்டு அழுதார்.