நடுவில் எழக் கூடாது

மாரிக்கனியின் புருஷனுக்குக் குடி கிடையாது, சீட்டாட்டம் கிடையாது. அதைச் சொல்லியே அவள் மாமியார் சுந்தரம்மாள் மடவார் வளாகம் தெரு முழுக்க நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடப்பாள். ஆனால் குடிகாரனாவது போதை தெளிந்தால் கூப்பிட்ட குரலுக்கு என்னவென்று கேட்பான். சிவபாண்டி கம்ப்யூட்டரில் பேய் விளையாட்டு ஆட உட்கார்ந்துவிட்டால் பக்கத்தில் வந்து இடி விழுந்தாலும் திரும்பிப் பார்க்க மாட்டான்.

பெரிய விளையாட்டெல்லாம் அவனுக்கு ஆகாது. மாதக்கணக்கில் ஆட அவனுக்கு ஏது நேரம்? நூற்பாலையில் எலெக்ட்ரீசியன், வாரத்துக்கு வாரம் ஷிப்ட் மாறும். அதனால் சின்ன விளையாட்டுகளாகத் தேடிப் பிடிப்பான். உட்கார்ந்தால் அரை மணியோ முக்கால் மணியோ, பயந்து வேர்த்து, முடித்துவிட்டு எழுந்து சோற்றுக்கு வந்துவிடலாம். ஒரே ஒரு நிபந்தனை, நடுவில் எழக் கூடாது. எழுந்தால் மறுபடி முதலிலிருந்து ஆட வேண்டும்.

ஆடி ஆடிச் சலித்தவன், கடைசியில் தானே ஒன்று செய்ய ஆரம்பித்தான். அதற்குக் கருவும் வெளியூரிலிருந்து வரவில்லை. இருட்டிய பிறகு வாசலில் யாராவது பேர் சொல்லிக் கூப்பிட்டால் உடனே போகக் கூடாது, மூன்றாவது தரம் கூப்பிட்டால்தான் மனுஷர், பேய்க்கு மூன்றாம் தரம் கூப்பிட வாய் வராது என்று அந்தப் பக்கத்தில் எல்லா வீட்டிலும் பிள்ளைகளுக்குச் சொல்லியிருப்பார்கள். அவன் விளையாட்டும் அதுதான். பூட்டிய வீட்டுக்குள் நீங்கள் தனியாக இருக்கிறீர்கள். வெளியே உங்கள் மனைவியின் குரல் கூப்பிடுகிறது. எப்போது கதவைத் திறப்பீர்கள்?

அந்த மனைவியின் குரலுக்கு மாரிக்கனியைத்தான் பிடித்து உட்கார வைத்தான். அடுப்படியில் மைக்கை நீட்டி, "வெளிய நின்னு கூப்புடுற மாதிரி கூப்புடு கனி" என்றான்.

"மச்சான், கதவத் தொறங்க."

"இது சாப்புடக் கூப்புடுற மாதிரில்லா இருக்கு. நெசமாப் பயந்து கூப்புடு."

"ஒலையில அரிசியப் போட்டுக்கிட்டு எப்படி மச்சான் பயப்பட? நீங்க வேணா பயந்துக்கோங்க" என்று கரண்டியைக் காட்டி அவனை விரட்டினாள். கிடைத்தவரை போதும் என்று அவனும் போய்விட்டான்.

ஒரு சனிக்கிழமை காலை சுந்தரம்மாள் வளைகாப்பு ஒன்றுக்காக வ. புதுப்பட்டிக்குப் பஸ் ஏறிவிட்டாள். ஒன்றேகால் வயது அனுவைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு அன்றைக்குச் சிவபாண்டியின் தலையில் விழுந்தது. மாரிக்கனி இராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் கம்பெனியில் பேக்கிங் பிரிவில் இருந்தாள். கிளம்பும்போது படித்துப் படித்துச் சொன்னாள். "பிள்ளைய விட்டுட்டு அந்தக் கருமத்துல உக்காந்துராதீங்க. இப்பத்தான் நடக்க ஆரம்பிச்சிருக்கா. ஒரு எடத்துல நிக்க மாட்டா."

"நான் பாத்துக்கிடுதேன், நீ போ" என்றான். குரலைக் கேட்டபோதே அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. ஆனால் பஸ் நிற்காதே.

மதியம் கம்பெனியில் துணியைச் சுத்திகரிக்கும் மெஷின் மக்கர் செய்துவிட்டது. மெக்கானிக் மதுரையிலிருந்து வர வேண்டும் என்று பெண்களைச் சீக்கிரமே அனுப்பிவிட்டார்கள். அவள் சந்தோஷமாகத்தான் பஸ் ஏறினாள். பிள்ளைக்குத் திராட்சை வாங்கட்டுமா என்று கேட்பதற்காகப் போன் போட்டாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. தூங்குகிறான் போல என்று நினைத்தாள். மறுபடி போட்டாள். எடுக்கவில்லை.

பஸ் ஊரைத் தாண்டும்போது கையில் டிக்கெட்டைச் சுருட்டிக்கொண்டே இருந்தவளுக்குக் கட்டை விரலில் சுற்றியிருந்த துணி கண்ணில் பட்டது. காலையில் பீன்ஸ் நறுக்கும்போது வெட்டுப்பட்டது. அவசரத்துக்குக் கைக்கு அகப்பட்ட துணியைச் சுற்றிக்கொண்டாள். கம்பெனியில் கழித்துப்போட்ட பேண்டேஜ் துணி அது. அதை எங்கிருந்து எடுத்தோம் என்று யோசித்தாள்.

யோசித்ததும் டிக்கெட்டைக் கீழே போட்டுவிட்டு மறுபடி போனை எடுத்தாள்.

அவர்கள் வீட்டுக் குளியலறைக் கதவின் தாழ்ப்பாள் உடைந்து எத்தனையோ நாளாயிற்று. சரி செய்கிறேன் என்று எலெக்ட்ரீசியன் சொல்லிக்கொண்டே இருந்தான். அதுவரைக்கும் பிள்ளை உள்ளே போய்விடாமல் இருக்க அந்தத் துணியால்தான் கதவை நிலையில் அடித்த ஆணியோடு சேர்த்துக் கட்டி வைப்பாள். உள்ளே சிமெண்ட் தொட்டி. இன்றைக்குக் குழாயில் தண்ணீர் வருகிற முறை, விடியற்காலையில் அவளே விளிம்பு வரைக்கும் நிரப்பியிருந்தாள். கட்டியிருந்த துணியை அவிழ்த்து விரலில் சுற்றிக்கொண்டு, கதவை வெறுமனே சாத்திவிட்டு வந்திருக்கிறாள்.

அவளேதான். வேறு யாரையும் குறை சொல்ல முடியாது.

அதற்குப் பிறகு அந்தப் பஸ் போன வேகத்தை அவள் எத்தனை விதமாகச் சபித்தாள் என்பதைச் சொல்லி முடியாது. ஒரு கூடைக்காரம்மா இறங்கினாள், ஏறினாள், கூடையை மறந்துவிட்டேன் என்று மறுபடி ஏறினாள். கண்டக்டர் அவளோடு நின்று நியாயம் பேசினார். "அண்ணே, செத்த வேகமாப் போகச் சொல்லுங்கண்ணே" என்று மாரிக்கனி கெஞ்சினாள். "பஸ்ஸுதானம்மா, பிளேனா?" என்றார் அவர். பின்சீட்டில் இரண்டு பேர் சிரித்தார்கள். அவள் போனைக் காதிலிருந்து எடுக்கவேயில்லை. மணி போனது. போய்க்கொண்டே இருந்தது.

நிறுத்தத்தில் இறங்கி, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினாள்.

வாசல் கதவு உள்ளே தாழ் போட்டிருந்தது. "மச்சான்! கதவத் தொறங்க!" என்று தட்டினாள். தெருப்பக்கத்து ஜன்னலுக்கு ஓடினாள். நல்ல வெயில் நேரத்திலேயே உள்ளே இருட்டாக்குவதற்காக அவன் கண்ணாடியைச் சாத்திக் கறுப்புப் போர்வையைத் தொங்கவிட்டிருந்தான். ஓரத்தில் விரல் அகலத்துக்கு ஒரு இடைவெளி. கண்ணை வைத்துப் பார்த்தாள்.

சிவபாண்டி இருந்தான். மில் இரைச்சலுக்குப் போடுகிற காதடைப்பு மாதிரி கனமான ஹெட்போன் தலையில். திரையின் நீல வெளிச்சம் முகத்தில். பாயில் பிள்ளை இல்லை.

"மச்சான்! கதவத் தொறங்க! அனு எங்க?" கண்ணாடியை உள்ளங்கையால் அறைந்தாள்.

அவன் தலையை லேசாகச் சாய்த்துக் கேட்டான். சிரித்தான். ஒரு விரலை உயர்த்திக்கொண்டான்.

அவளுக்கு முதலில் புரியவில்லை. மறுபடி அலறினாள். அவன் இரண்டாவது விரலை உயர்த்தினான். அப்போதுதான் புரிந்தது. அவன் எண்ணிக்கொண்டிருக்கிறான். அவன் காதில் அவள் பேயாகக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறாள். ஜன்னலைத் தட்டும் சத்தத்தைக்கூட அவன் அந்த விளையாட்டில் சேர்த்திருந்தான்.

சரி, மூன்றாம் தரம் கூப்பிட்டால் திறக்க வேண்டும், அவன் வைத்த விதிதானே? உயிரையெல்லாம் தொண்டைக்குக் கொண்டுவந்து மூன்றாம் தரம் கத்தினாள். தெருநாய் எழுந்து ஓடியது. அவன் மூன்றாவது விரலையும் உயர்த்திவிட்டு, 'ஏமாற மாட்டேன்' என்பது போலத் தலையை ஆட்டினான். போன வாரம் சோற்றுத் தட்டுக்கு முன்னால் அவன் பெருமையாகச் சொன்னது அவளுக்கு அந்த நேரம் பார்த்து நினைவுக்கு வந்தது. "கடைசிக் கட்டத்துல மூணாவது கொரலும் பேய்தான் கனி. எம்புட்டுக் கூப்புட்டாலும் எந்திரிச்சா தோத்தான். எவனும் எதிர்பாக்க மாட்டான்."

"என்னட்டி கனி, ஏன் இப்படிக் கத்துத?" பக்கத்து வீட்டுச் சுடலைமாடத்தி மதினி மாவுக் கையோடு வெளியே வந்தாள்.

"மதினி, பிள்ளையக் காணும். தொட்டி நெறையத் தண்ணி. இந்த மனுசன் எந்திரிக்க மாட்டேங்காரு."

மதினி வேறு கேள்வி கேட்கவில்லை. "மாடி வழியாப் போ, ஓடு" என்று தன் வீட்டுக் கதவை அகலத் திறந்துவிட்டாள்.

மாரிக்கனி படியேறினாள். கட்டை விரல் தன்பாட்டில் போனை மறுபடி அழுத்தியது. இரண்டு மொட்டைமாடிகளுக்கும் நடுவே இடுப்பளவு சுவர். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தாண்டிக் குதித்தாள். மாமியார் காயப்போட்டிருந்த வடகமெல்லாம் காலடியில் நொறுங்கியது. நல்லவேளை, வடகத்தை எடுக்க வேண்டும் என்று மாடிக் கதவைச் சும்மா சாத்தியிருந்தார்கள். படியில் இறங்கினாளா உருண்டாளா என்று அவளுக்கே தெரியாது.

குளியலறைக் கதவு ஒருக்களித்துக் கிடந்தது.

தொட்டிக்குள் வெளிச்சம் தெரிந்தது. தண்ணீருக்கு அடியில் சிவபாண்டியின் போன் கிடந்து மினுங்கிக்கொண்டிருந்தது. அதில் மாரிக்கனியின் படம், பல் தெரியச் சிரிக்கிற படம். அவள் கூப்பிடும்போதெல்லாம் வருகிற படம். கவிழ்த்துப் போட்ட வாளியின் மேல் ஏறி, வயிற்றைத் தொட்டி விளிம்பில் கொடுத்து, இரண்டு காலும் அந்தரத்தில் தொங்க, அனு அந்தப் படத்தை எட்டிப் பிடிக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூக்கு தண்ணீரைத் தொட்டுக்கொண்டிருந்தது. "ம்மா" என்றாள் தண்ணீரைப் பார்த்து.

மாரிக்கனி பிள்ளையின் காலைப் பிடித்துத்தான் இழுத்தாள். இடுப்பைப் பிடிக்க ஒரு எட்டு எடுத்து வைக்க வேண்டும், அதற்குத் தைரியம் வரவில்லை. பிள்ளையை நெஞ்சோடு அணைத்து ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அனு விளையாட்டு என்று நினைத்துக் கெக்கெக்கே என்று சிரித்தாள். தொட்டிக்குள் போன் இன்னும் கொஞ்ச நேரம் மினுங்கிவிட்டு அணைந்தது. தன் கையிலிருந்த போனைப் பார்த்தாள். பஸ் ஏறியதிலிருந்து தான் போட்ட ஒவ்வொரு போனும் பிள்ளையைக் கைப்பிடித்து இங்கே கூட்டி வந்திருக்கிறது என்று புரிந்ததும் அழுகை பீறிட்டது.

அறைக்குள் போனபோது சிவபாண்டி ஹெட்போனைக் கழற்றிக்கொண்டிருந்தான். முகமெல்லாம் வெற்றி. "ஏட்டி, எப்ப வந்த? எப்படி வந்த? இன்னைக்கு ஒரே மூச்சுல முடிச்சிட்டேன். கடைசில ஒன் கொரல் பாரு, தூரத்துல இருந்து கேக்கு, என்னையவே நடுங்க வச்சிட்டு..." பேசிக்கொண்டே வந்தவன் பிள்ளையின் சட்டை சொட்டுவதைப் பார்த்தான்.

"தொட்டியா?" என்றான் மெதுவாக.

அவள் தலையை ஆட்டினாள்.

"நீ கதவக் கட்டிட்டுத்தான போவ?"

கட்டை விரலை நீட்டிக் காட்டினாள். "கட்டல. அவுத்து இதுல சுத்திக்கிட்டேன். மறந்துட்டேன் மச்சான். என் மேலயும் தப்பு."

அந்த "என் மேலயும்" கேட்டவுடன் அவன் முகத்தில் கொஞ்சம் ரத்தம் திரும்பியது. "நல்லவேள, ஒண்ணும் ஆகல. பொறவு என்ன, நாளைக்கே தாழ்ப்பாளப் போட்டுருதேன். அசந்து தூங்கிட்டிருந்தா கனி, சத்தியமா. இம்புட்டு நேரம் பாயிலதான் கெடந்தா" என்றான். அவன் பொய் சொல்லவில்லை. அப்படித்தான் நம்பினான். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

திரைக்கு மேலே சின்னச் சிவப்புப் புள்ளி எரிந்துகொண்டிருந்தது. ஆடுகிறவர் எந்த இடத்தில் பயப்படுகிறார் என்று பார்ப்பதற்காக அவன் வைத்த கேமரா. ஆட்டம் தொடங்கியதிலிருந்து முடிகிற வரைக்கும் முகத்தைச் சத்தத்தோடு படம் பிடிக்கும்.

"அதப் போடுங்க" என்றாள்.

"எதுக்குட்டி இப்ப?"

"போடுங்க மச்சான்."

போட்டான். திரையில் அவன் முகம் வந்தது. தோளுக்குப் பின்னால் பாயும், பாயில் தூங்குகிற பிள்ளையும் மங்கலாகத் தெரிந்தார்கள். அவன் தன் முகத்தையேதான் பார்த்துக்கொண்டிருந்தான். மாரிக்கனி பாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பாயோரத்தில் போன் வெளிச்சம் விட்டது. பிள்ளை புரண்டாள். எழுந்து உட்கார்ந்து போனை எடுத்து, அம்மாவின் படத்துக்கு ஒரு முத்தம் கொடுத்தாள். தள்ளாடி நடந்து வந்து அப்பாவின் முழங்கையைத் தொட்டாள். திரையிலிருந்த சிவபாண்டி கண்ணை எடுக்காமல் முழங்கையை விலக்கிக்கொண்டான். பிள்ளை செத்த நேரம் நின்று பார்த்தாள். பிறகு போனைக் கட்டிக்கொண்டு குளியலறைப் பக்கம் நடந்தாள். கதவு கிரீச்சென்றது. படத்தில் பாய் மட்டும் இருந்தது.

நாற்காலியிலிருந்த சிவபாண்டியும் இப்போது பாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். கொஞ்சம் போனதும் எங்கேயோ தூரத்தில் ஒரு குரல் கேட்டது. மச்சான், கதவத் தொறங்க. அடுப்படியில் அவன் கேட்டுக் கிடைக்காத குரல். திரையிலிருந்தவன் சிரித்தான். ஒரு விரலை உயர்த்தினான்.

"போதும் கனி." நிறுத்துவதற்குக் கையை நீட்டினான். அவள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். அவன் எழப் பார்த்தான். ஈரப் பிள்ளையை அவன் மடியில் உட்கார வைத்து, இரண்டு தோளையும் அழுத்தினாள்.

"உக்காருங்க மச்சான். முழுசாப் பாருங்க. நடுவுல எந்திரிக்கக் கூடாது."

திரையில் அவன் இரண்டாவது விரலை உயர்த்திக்கொண்டிருந்தான்.