வேறொன்றும் சேர்க்கவில்லை

1

இந்தக் கதையை யாரும் எனக்குச் சொல்லவில்லை. ஒரு சீட்டிலிருந்து எடுத்தேன்.

உத்திரமேரூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் அறிவியல் கண்காட்சி. பேருந்து வருவதாக இல்லை, வெயில் மண்டையைப் பிளந்தது, உள்ளே மின்விசிறியாவது இருக்கும் என்று நுழைந்தேன். ஒரு மேசையில் நுண்ணோக்கி இருந்தது. குனிந்து பார்த்தால் வெளிறிய பரப்பில் ஊதாப் புள்ளிகள். ஆட்டுச் சிறுநீரகமாம். மெழுகில் பதித்து, காகிதத்தைவிட மெல்லியதாகச் சீவி, கண்ணாடியில் ஒட்டியது. சதைக்குத் தனியாக நிறம் கிடையாது, சாயம் ஏற்றினால்தான் உள்ளே இருப்பது தெரியும் என்றார்கள். பக்கத்தில் சீட்டு: ‘சாயம்: செம்பருத்திப் பூ. வேறொன்றும் சேர்க்கவில்லை.’

வேறொன்றும் சேர்க்கவில்லை என்று யாராவது கேட்காமலே சொன்னால் எனக்கு மூக்கில் வியர்த்துவிடும். சீட்டை எழுதியவரை நான் பார்க்கவில்லை. விசாரிக்கவும் இல்லை. விசாரித்திருந்தால் கதை போயிருக்கும்.

2

முதல் தொடக்கம்: “ராஜஸ்ரீ கொதிநீரில் பூவைப் போட்டபோது மேற்கே வானம்

(நிறுத்திவிட்டேன். அந்த ஆய்வகத்தின் சன்னலில் சைக்கிள் கொட்டகை மட்டும்தான் தெரியும்.)

இரண்டாவது: “இயற்கைக்கும் மனிதனுக்கும் உள்ள

(இப்படித் தொடங்கும் எதையும் நானே படிக்கமாட்டேன். உங்களை ஏன் படுத்த வேண்டும்?)

மூன்றாவது: ராஜஸ்ரீ தன் ஆய்வேட்டில் ஒரு பொய் எழுதினாள்.

இது நிற்கும். இனி இதற்குப் பின்னால் போகவேண்டியதுதான்.

3

ராஜஸ்ரீ விலங்கியல் ஆசிரியை. வேலை நிரந்தரமில்லை, ஆண்டுக்கு ஆண்டு நீட்டிப்பார்கள். முனைவர் பட்டம் வந்தால் நிரந்தரமாகும். இல்லாவிட்டால் அடுத்த ஆண்டு வாயில்காவலர்கூட அவளை அடையாளம் கேட்பார். அவளுக்கு அதைப் பற்றி அழுது வடியும் பழக்கம் இல்லை. தன் கையில் நம்பிக்கை உள்ளவள்.

அவள் ஆய்வின் துணிச்சல் இதுதான்: பூவிலிருந்து எடுக்கும் எந்தச் சாயமானாலும் சதையில் பிடிக்கப் படிகாரம் மாதிரி ஒன்று துணைக்கு வேண்டும், இல்லாவிட்டால் கழுவும்போது போய்விடும் என்பது பாடப்புத்தகம். அது வேண்டாம், வெறும் பூவே போதும் என்று காட்டுகிறேன் என்றாள் ராஜஸ்ரீ. அவளுடைய வழிகாட்டியே சிரித்தார்.

சாயமேற்ற வேண்டிய அன்று அவளுக்கு எங்கும் பூ கிடைக்கவில்லை. கல்லூரிக்குப் போகும் வழியில் அம்மன் கோயில். முதல்நாள் வெள்ளிக்கிழமை, குங்கும அர்ச்சனை நடந்திருந்தது. பூசாரி இருசப்பன் கூடை நிறையப் பழைய செம்பருத்தியோடு வெளியே வந்தார்.

“இத நான் எடுத்துக்கலாமா?”

“இன்னா டீச்சரம்மா, காஞ்ச பூவ இன்னா பண்ணப் போற? ஏரில கொட்டத்தான் எத்துக்கினு போறேன். வோணும்னா அள்ளிக்க. கால் மட்டும் படாம பாத்துக்க.”

அள்ளினாள். கொதிக்கவைத்தாள். சிறுநீரகச் சீவல்மீது ஊற்றினாள். கழுவிவிட்டு நுண்ணோக்கியில் குனிந்தவள் நிமிரவே இல்லை. ஒவ்வொரு உயிரணுவின் உட்கருவும் தனித்தனியாக ஊதாவில் நின்றது. தனியாக இருந்த ஆய்வகத்தில் வாய்விட்டுச் சிரித்தாள்.

ஆய்வேட்டில் எழுதும்போது கை தயங்கியது. மாமனார் சேஷு, பெருமாள் கோயிலில் பிரபந்தம் சேவிக்கிறவர். தெருவில் கிடக்கும் ஒற்றைத் துளசியைக்கூட மிதிக்காமல் சுற்றிப் போகிறவர். ஆட்டுச் சிறுநீரகத்தைப் படிப்பு என்று ஒருவழியாகச் சகித்துக்கொண்டார். தெய்வத்தின் காலடியில் கிடந்த பூவை வேகவைத்து அதன்மேலேயே ஊற்றினாள் என்று தெரிந்தால் மனிதர் என்ன ஆவார்? எனவே எழுதினாள்: ‘வீட்டுத் தோட்டத்தில் அன்று காலை பறித்த செம்பருத்தி.’

பூ என்றால் பூதானே, அதில் என்ன கெட்டுப்போயிற்று என்று நினைத்தாள்.

அதற்குப் பிறகு எத்தனையோ முறை எங்கெங்கிருந்தோ புதுப்பூ வாங்கிச் செய்து பார்த்தாள். கழுவினால் வெளிறியது. மழையைக் குறை சொன்னாள், மண்ணைக் குறை சொன்னாள். முதல் தடவை எடுத்த படங்களையே ஆய்வேட்டில் சேர்த்தாள்.

[இந்த இடத்தில் அவளைப் பித்தலாட்டக்காரி என்கிறீர்கள். எனக்கும் அந்தச் சந்தேகம் வந்தது. ஒரு வரைவில் அவளைக் கெட்டிக்காரக் கள்ளியாகவே எழுதினேன். சரிப்படவில்லை. அவள் தன் பொய்யைத் தானே நம்பிவிட்டாள். பூ தோட்டத்தில் பறித்தது என்று எழுதி எழுதி, காரணம் தேடும்போது கோயில் பக்கம் அவள் புத்தி போகவே இல்லை. கள்ளிக்கு இந்த மறதி வராது.]

4

வாய்மொழித் தேர்வன்று காலை கோயில் வாசலில் இருசப்பன் அவளைக் கூப்பிட்டுப் பிரசாதம் கொடுத்தார். ஒரு செம்பருத்தி, கொஞ்சம் குங்குமம்.

“இன்னிக்கி பரீட்சையாமே டீச்சரம்மா? ஆத்தா கீது, பயப்படாம போ.”

வெள்ளைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டாள். பதற்றத்தில் வழிநெடுகக் கசக்கியிருக்கிறாள். ஆய்வகத்தில் அதைக் குழாயடியில் பிடித்து அலசியபோது பூச்சாறு பட்ட ஒரு மூலை பளிச்சென்று வெளுத்துவிட்டது. பூவும் குங்குமமும் சேர்ந்து கசங்கிய மூலை மட்டும் வெளுக்கவில்லை. சோப்புப் போட்டாள். ஊதா அசையவில்லை.

தண்ணீரை நிறுத்தவும் மறந்து நின்றாள். இந்த ஊதாவை அவளுக்குத் தெரியும்.*

* மஞ்சளோடு எலுமிச்சைச் சாறு, வெங்காரம், படிகாரம் எல்லாம் சேர்த்துக் காயவைத்து இடித்த குங்குமம் அது. கடையில் வாங்கும் வெறும் சாயப்பொடி என்றால் இந்தக் கதை நடக்காது. எனவே இருசப்பன் வீட்டில் இடிக்கிறார்கள். எழுதுகிறவனுக்கு இந்த உரிமைகூட இல்லையென்றால் எப்படி?

ஆக, படிகாரம் வேண்டாம் என்று பக்கம் பக்கமாக எழுதியவளுக்கு வேலை செய்துகொடுத்தது அர்ச்சனைப் பூவில் ஒட்டியிருந்த குங்குமத்தின் படிகாரம்தான். பூவை எங்கிருந்து எடுத்தேன் என்று உள்ளபடி எழுதியிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். அவளுக்குத் தன்மேலேயே ஆத்திரமாக வந்தது. ஆனால் வெளியே நாற்காலிகள் போட்டாகிவிட்டது.

5

இந்தத் தேர்வு ஊரறிய நடக்கும். உறவுக்காரர்கள் வருவார்கள், கேசரியும் மிக்ஸரும் வரும், முடிவில் படம் எடுத்துக்கொள்வார்கள். முன்வரிசையில் சேஷு பட்டு அங்கவஸ்திரத்தோடு உட்கார்ந்திருந்தார். மருமகள் டாக்டராகப் போகிறாள் என்று பேருந்து நடத்துனரிடம்கூடச் சொல்லிவிட்டு வந்திருந்தார். ராஜஸ்ரீ ஆய்வேட்டில் இருந்தபடியே, தோட்டத்துப் பூ என்றே பேசி முடித்தாள்.

வெளியிலிருந்து வந்த தேர்வாளர் முத்துகிருஷ்ணன் கறாரானவர் என்று பேர். அவரே படங்களைப் பார்த்து அசந்துபோனார்.

“ஒரு கெமிக்கலும் இல்லாம நியூக்ளியஸ இவ்ளோ தெளிவா யாரும் காட்டி நான் பாத்ததில்லம்மா. ரொம்ப நல்லா வந்திருக்கு.”

ராஜஸ்ரீ கைக்குட்டையை உள்ளங்கைக்குள் மடித்துக்கொண்டாள். பேசாமல் நின்றால் போதும், பட்டம் கைக்கு வந்துவிடும்.

“சபையில யாராவது கேள்வி கேக்கலாம்,” என்றார் முத்துகிருஷ்ணன், பேனாவை மூடியபடி. இது வெறும் சம்பிரதாயம். யாரும் கேட்கமாட்டார்கள். எல்லோருக்கும் கண் கேசரித் தட்டில்.

சேஷு கையைத் தூக்கினார்.

“நான் கேக்கலாமோ?”

அரங்கம் செல்லமாகச் சிரித்தது. அவர் எழுந்து அங்கவஸ்திரத்தைச் சரிசெய்துகொண்டார். இவ்வளவு நேரம் உன்னிப்பாகக் கேட்டு, தனக்கும் புரிகிற ஒன்று அகப்பட்டுவிட்ட சந்தோஷம் முகத்தில் வழிந்தது.

“ராஜி, நம்மாத்துத் தோட்டத்துல பறிச்ச பூன்னு சொன்னியே. அந்தச் செடி மாவுப்பூச்சி வந்து போயிடுத்தேம்மா. நான்தானே வேரோட வெட்டிப் போட்டேன்? நீ இந்த ஆராய்ச்சி ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே. அப்புறம் ஏது பூ?”

6

முடிவு ஒன்று: “அது பக்கத்தாத்துச் செடி, மாமா.” எல்லோரும் சிரிக்கிறார்கள். கைதட்டல். ராஜஸ்ரீ முனைவர். வேலை நிரந்தரம். செய்யாற்றிலோ வந்தவாசியிலோ ஒரு பெண் இந்த ஆய்வேட்டைப் பார்த்துப் பூவைக் கொதிக்கவைக்கிறாள். வெளிறுகிறது. தன் கைதான் சரியில்லை என்று அந்தப் பெண் நினைத்துக்கொள்கிறாள்.

முடிவு இரண்டு: உண்மை. கோயில், கூடை, குங்குமம் எல்லாம். முத்துகிருஷ்ணன் ஆய்வேட்டை அவள் பக்கம் தள்ளிவைக்கிறார். “மறுபடி முதல்லேருந்து பண்ணிட்டு வாங்க.” வேலை அதுவரை காத்திருக்காது. சேஷு செருப்பைத் தேடிக்கொண்டு

(இதை எழுத எனக்கே பிடிக்கவில்லை.)

முடிவு மூன்று: சேஷு கண் கலங்கி, “தாயாருக்குச் சாத்தின பூ வீணாப் போகலையே!” என்கிறார். தேர்வாளரும் மனம் இளகி அந்த நிமிடமே பட்டம் கொடுக்கிறார்.

(இதை மளமளவென்று எழுதினேன், நன்றாகவும் வந்தது. எழுதி முடித்துவிட்டு வெட்கப்பட்டேன். சேஷு அப்படிப்பட்டவர் இல்லை. முத்துகிருஷ்ணனும் இல்லை. இவர்களை உண்டாக்கியவன் சொல்கிறேன், நம்புங்கள்.)

7

எனக்குத் தெரிந்ததை மட்டும் சொல்கிறேன். ராஜஸ்ரீ திரையில் தெரிந்த ஊதாப் படத்தைப் பார்க்கவில்லை, தேர்வாளரைப் பார்க்கவில்லை. மாமனாரைப் பார்த்தாள். அவர் இன்னும் உட்காரவில்லை. நல்ல கேள்வி கேட்டோமா என்று தெரிந்துகொள்ள ஆசையாக நின்றுகொண்டிருந்தார்.

“அது நம்மாத்துப் பூ இல்லே, மாமா,” என்றாள் ராஜஸ்ரீ.

முத்துகிருஷ்ணன் மூடிய பேனாவைத் திறந்தார்.

இந்த இடம் வரைக்கும் முதல் முடிவுக்கும் இரண்டாம் முடிவுக்கும் வழி ஒன்றுதான். இன்னும் அவள் எந்தப் பக்கமும் திரும்பலாம். திருப்பிவிட என்னால் முடியும், ஆனால் மாட்டேன். பயந்து சொல்லவில்லை, அந்த இரண்டுக்கும் என்ன விலை என்று இப்போது உங்களுக்கும் தெரியும். அடுத்த சொல்லை நீங்களே போடுங்கள். போடுவதற்கு முன்னால் அந்தக் கிழவரின் முகத்தை அவள் பார்த்த மாதிரி ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

“அது