நல்லதண்ணி

அரியாலையில் தண்ணீர் சவர். கடலேரிக்குப் பக்கத்தில் எங்கே அள்ளினாலும் உப்புக் கரிக்கும். பருப்பு வேகாது, சவர்க்காரம் நுரைக்காது. மருதனார்மடத்துச் செம்மண்ணுக்குள் ஊறுகிற தண்ணீர் அப்படியல்ல. வாயில் வைத்தால் இனிக்கும். யாழ்ப்பாணத்தில் தண்ணீருக்கு இரண்டே பெயர்தான். ஒன்று சவர், மற்றது நல்லதண்ணி. நாக்குத்தான் தீர்ப்புச் சொல்லும். அதற்கு மேல் தண்ணீரிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை.

மருதனார்மடத்தில் பாலேஸ்வரிக்குக் கிடைத்த சீதனத்தில் வீடு இருந்தது, வெங்காயத் தோட்டம் இருந்தது. அவள் பெருமைப்பட்டதென்னவோ கிணற்றுக்குத்தான். ஒழுங்கையில் பாதி வீடுகள் அங்கேதான் குடிக்க அள்ளின. அவள் ஒருவரையும் தடுத்ததில்லை. அக்கா குணலட்சுமிக்குத் தகப்பன் கொடுத்த சீதன வீடு அரியாலையில் இருந்தது.

"ஐயா உனக்கு நல்லதண்ணியைத் தந்திட்டு எனக்குச் சவரைத் தள்ளிவிட்டவர்" என்று குணலட்சுமி வரும்போதெல்லாம் குத்திக்காட்டுவாள். பாலேஸ்வரி சிரித்துக்கொண்டே ஒரு கான் நிறைய அள்ளிக் கொடுத்துவிடுவாள். தன் வயிற்றில் பிள்ளை இருந்தபோதும் பாலேஸ்வரி கிணற்றைப் பற்றித்தான் சொன்னாள்: "பிள்ளை எங்கை நிண்டு வளர்ந்தாலும் என்ரை கிணத்துத் தண்ணிதான் குடிக்கவேணும்."

எண்பத்தாறாம் ஆண்டு, மாரி மழை தொடங்குவதற்குச் சற்று முன், பிள்ளை பிறந்தது. பாலேஸ்வரிக்கு இரத்தம் நிற்கவில்லை. கோட்டையில் ஆமி இருந்ததால் நேர்வழியில் போக முடியாமல் கார் சுற்றிப் போனது. ஆஸ்பத்திரியில் இறக்கியபோது அவளுடைய உதடுகள் ஈயத்தின் நிறத்தில் இருந்தன. அந்த நிறத்தை அவள் புருஷன் சண்முகநாதன் பார்த்துக்கொண்டே நின்றான். அதன் பிறகு பார்க்க எதுவும் இருக்கவில்லை.

அவன் அழவில்லை. பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிப்பவன். லீவு முடிந்ததும் போய், விட்ட இடத்திலிருந்து படிப்பித்தான். பிள்ளையைக் குணலட்சுமி கொண்டுபோனாள். அவளுக்குப் பிள்ளைகள் இல்லை. பெட்டைப்பிள்ளை, பெயர் இன்னும் வைக்கவில்லை, குஞ்சு என்று கூப்பிட்டார்கள்.

அவனுக்குச் செய்ய ஒரு வேலை மிஞ்சியது. பிள்ளைக்குப் பால்மா கரைத்துக் கொடுக்கும் மாப்பாலுக்குத் தண்ணீர் கொண்டுபோவது. அதை அவன் ஒரு பூசை மாதிரிச் செய்தான். பானையைக் கழுவி, கிணற்றுத் துலாவை இழுத்து அள்ளி, அடுப்பில் வைத்து, தளதளவென்று கொதித்த பிறகும் இறக்காமல், தண்ணீர் பாதியாக வற்றும்வரை எரித்தான். பச்சைப்பிள்ளைக்கல்லவா. ஆறவைத்து, வெள்ளைத் துணியில் வடித்து, கானில் நிரப்பி, சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு அரியாலைக்கு மிதித்தான். கரியர் பாரமாக இருந்தது. பாலேஸ்வரி ஏறியிருந்தால் சைக்கிள் இப்படித்தான் பின்பக்கம் இழுக்கும். அவன் திரும்பிப் பார்ப்பதில்லை.

மழை பிடித்துக்கொண்டது. கிணற்றில் தண்ணீர் கைக்கெட்டும் உயரத்துக்கு வந்தது. தோட்டத்தைக் குத்தகைக்குச் செய்யும் கந்தப்பு வெங்காயப் பாத்திகளில் யூரியாவை அள்ளி எறிந்துகொண்டிருந்தார்.

"வாத்தியார், இந்த முறை வெங்காயம் தேங்காய் மாதிரி வரும் பாரும்!"

சண்முகநாதன் தலையாட்டிவிட்டு அள்ளினான்.

பிள்ளையின் உதட்டில் நிறம் மாறியதை முதலில் கண்டது குணலட்சுமிதான். பால் குடித்துவிட்டுக் கிடந்த பிள்ளையின் வாயைச் சுற்றிச் சாம்பல் கலந்த நீல நிறம். பிறகு நகங்கள். அழுகையும் குறைந்துவிட்டது, வாயைத் திறக்கும், சத்தம் வராது. ஊர் வைத்தியர் குளிர் என்றார். குணலட்சுமி சண்முகநாதனைப் பார்த்தாள். இருவருக்கும் அந்த நிறம் தெரியும்.

"தாய் கூப்பிடுறாள்" என்றாள்.

"அப்பிடி ஒண்டுமில்லை அக்கா."

"உமக்குத் தெரியாது தம்பி. அவள் சின்னனிலையே ஒண்டையும் விட்டுக்குடுக்க மாட்டாள்."

கோயிலில் நூல் ஓதிக் கட்டினார்கள். கறுப்பு நூல். அதற்குக் கீழே அந்தச் சின்னக் கை இன்னும் வெளிறித் தெரிந்தது.

கார்த்திகையில் கோட்டைப் பக்கமிருந்து ஷெல் விழத் தொடங்கியது. யாழ்ப்பாண ரவுணைக் கடந்து அரியாலைக்குப் போக வழியில்லை. சண்முகநாதன் வீட்டிலேயே கிடந்தான். பகலில் கிணற்றடியில் வாளி இடிபடும் சத்தம் கேட்டால் எழுந்து போய்ப் பார்ப்பான். தண்ணீர் அள்ள வந்த அயலட்டைப் பெண்கள்தான். தண்ணீர் போய்ச் சேரவில்லையே, பிள்ளை சவரைக் குடிக்கிறதே என்பதுதான் அவனுக்கிருந்த ஒரே கவலை. பிள்ளை செத்தாலும் யார் வந்து சொல்லுவார்கள் என்று ஒருமுறை நினைத்தான். அந்த நினைப்பு அவனைச் சுடவில்லை என்பதுதான் பயமாக இருந்தது.

பாதை திறந்த அன்று போனான். குணலட்சுமி வாசல் படலையடிக்கு ஓடிவந்தாள். இடுப்பில் பிள்ளை. அது அழுதது. காது கிழிய, முகம் சிவக்க, காலை உதைத்து அழுதது. உதடு ரோசாப்பூ மாதிரி இருந்தது.

"பாத்தீரோ தம்பி! நல்லாய்ட்டாள். சவர்த் தண்ணியிலை கரைச்சுத்தான் குடுத்தனான், வேறை என்ன செய்ய? குடிச்சிட்டு இந்தக் கத்துக் கத்துறாள்."

அவன் கானை இறக்கிக் கொடுத்தான். பிள்ளையை வாங்கி வைத்திருந்தான். அன்று பின்னேரம் நல்லதண்ணியில் கரைத்த பாலை அவனே பருக்கினான். மறுமுறை வந்தபோது பிள்ளையின் நகங்கள் திரும்பவும் நிறம் மாறியிருந்தன.

குணலட்சுமி அவனை உள்ளே விடவில்லை. படலைக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, தரையைப் பார்த்தபடி சொன்னாள்.

"தம்பி, கோவிக்காதையும். நீர் வராத நாளிலை பிள்ளை நல்லாய் இருக்குது. வந்தால் சரியில்லை."

"என்ன கதை அக்கா இது?"

"அவள் உம்மோடைதான் வாறாள். சைக்கிளிலை வாறாள். எனக்கு விளங்குது. கொஞ்சக் காலத்துக்கு உள்ளை வராதையும். தண்ணியைப் படலையிலை வைச்சிட்டுப் போம். அவள் ஆசைப்பட்ட தண்ணி, அதை நிப்பாட்டக்கூடாது."

அவன் படித்தவன். இது மூடத்தனம் என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் தனியே மிதித்துவந்த பாதையில் பின்பக்கம் இருந்த அந்தப் பாரத்தை அவனும் அறிவான். பிள்ளையின் உயிருக்கு முன்னால் தான் படித்ததை வைத்துப் பந்தயம் கட்ட அவனால் முடியவில்லை. கானைப் படலையடியில் வைத்தான். உள்ளே பிள்ளை முனகியது கேட்டது. திரும்பிப் போனான்.

அதன் பிறகு அப்படியே செய்தான். நிறைந்த கானை வைப்பான், வெறுங் கானை எடுப்பான். பிள்ளையைப் பார்ப்பதில்லை. முன்னைவிட அதிக நேரம் கொதிக்க வைத்தான். பிள்ளைக்குக் கொடுக்க அவனிடம் வேறு என்ன இருந்தது?

ஒருநாள் பள்ளிக்கூடத்துக்கு ஆள் வந்தது. பிள்ளையைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்களாம், உடனே வரட்டாம்.

பிள்ளை கட்டிலில் கிடந்தது. சிலேட்டின் நிறம். மூச்சு மட்டும் ஓடியது. குணலட்சுமி கட்டிலின் காலைப் பிடித்துக்கொண்டு நிலத்தில் இருந்தாள்.

"நீர் வரேல்லைத்தானே தம்பி," என்றாள். "படலைக்குள்ளை கால் வைக்கேல்லைத்தானே. பிறகேன்?"

டொக்டர் இளம் பெண். பிள்ளையின் இரத்தம் ஊசிக் குழாயில் கோப்பி நிறத்தில் நின்றதைப் பார்த்துவிட்டு அவனை வெளியே கூப்பிட்டாள்.

"தாய்ப்பாலோ?"

"தாய் இல்லை. மாப்பால்."

"எந்தத் தண்ணியிலை கரைக்கிறீங்கள்?"

"நல்லதண்ணி. மருதனார்மடப் பக்கம். நான்தான் கொண்டுபோறனான்."

"கிணத்தைச் சுத்தித் தோட்டமோ?"

"வெங்காயம்."

"யூரியா போடுறவையோ?"

"ஓம். சாக்குக் கணக்கிலை."

"கொதிக்க வைச்சோ குடுக்கிறது?"

"நல்லாக் கொதிக்க வைச்சு. பாதியாய் வத்தும்வரைக்கும்."

அவள் நிமிர்ந்தாள். "ஏன் அவ்வளவு?"

"கிருமி சாகவேணுமெண்டு."

"கிருமி செத்திருக்கும். உரம்…"

அவன் கையைக் காட்டி நிறுத்தினான். மேலே சொல்லத் தேவையில்லை. எட்டாம் வகுப்புக்கு வருடாவருடம் கரும்பலகையில் எழுதுவதுதான். நீர் ஆவியாகும், கரைந்திருப்பது தங்கும். அவன் ஆவியாக்கி ஆவியாக்கி, பூமிக்குள் இறங்கிய கந்தப்புவின் உரத்தைத் தடிப்பாக்கி, வெள்ளைத் துணியில் வடித்து, ஏழு மைல் தூரம் சுமந்து கொண்டுபோய் வாசலில் வைத்திருக்கிறான். மிச்சத்தை டொக்டர் சொன்னாள்: பெரியவர்கள் குடித்தால் அந்த உரம் ஒன்றும் செய்யாது. பால்குடிப் பிள்ளையின் இரத்தம் மூச்சைச் சுமக்க மறந்துவிடும்.

பிள்ளைக்கு ஊசியில் ஏற்றிய மருந்து கடும் நீலமாக இருந்தது. "நீலத்துக்கு நீலமோ!" என்று குணலட்சுமி அலறினாள். இரண்டு நேர்ஸ்மார் பிடித்து இருத்தவேண்டியிருந்தது. பொழுதுபடுவதற்குள் பிள்ளையின் உதட்டில் இரத்த நிறம் திரும்பியது. மருந்தின் நிறம் இறங்கி அது துணியில் பச்சையாக மூத்திரம் பெய்தபோது சண்முகநாதன் பிள்ளையைக் கையில் எடுத்துக்கொண்டு ஜன்னலடியில் நெடுநேரம் நின்றான்.

பிள்ளை அரியாலைக்குத் திரும்பிய பிறகு அவன் எல்லாவற்றையும் குணலட்சுமிக்கு விளங்கப்படுத்தினான். உரம், மழை, கிணறு, கொதித்தல்.

"அப்ப சவரே குடுக்கலாமோ?"

"ஓம் அக்கா. உங்கடை கிணத்தைச் சுத்தித் தோட்டமில்லை. அளவாய்க் கொதிக்க வைச்சுக் குடுங்கோ."

"அப்ப அவள் வரேல்லையோ?"

"இல்லை."

"ஒரு நாளுமோ, தம்பி?"

அவளுடைய முகத்தில் இருந்தது நிம்மதியல்ல என்பதை அவன் அப்போதுதான் கண்டான். பயந்து பயந்தென்றாலும் அவள் ஒவ்வொரு நாளும் தங்கையைப் படலையடியில் எதிர்பார்த்திருக்கிறாள்.

"ஒரு நாளும் இல்லை அக்கா" என்றான்.

குணலட்சுமி பிள்ளையை அவன் மடியில் வைத்துவிட்டுக் குசினிக்குள், அடுப்படிக்குப் போனாள். உள்ளேயிருந்து அழுகை கேட்டது. செத்த வீட்டில்கூட அவள் அப்படி அழவில்லை.

ஊருக்குத் திரும்பிய அன்று கிணற்றடியில் அற்புதராணி வாளியோடு நின்றாள். வேலிக்கு அந்தப் பக்கம் பின்வளவில் இருக்கிறவள். அவளுடைய பிள்ளை பிறந்து இன்னும் தலை நிற்கவில்லை. பால் சுரக்காமல் மாப்பால்தான் கொடுக்கிறாள் என்று ஊரே அறியும். கந்தப்பு பாத்தியில் குந்தியிருந்து புல் பிடுங்கினார்.

"அற்புதம், உந்தத் தண்ணியைப் பிள்ளைக்குக் குடுக்காதை."

"ஏன் வாத்தியார்? கொதிக்க வைச்சுத்தான் குடுக்கிறனான்."

அவன் சொன்னான். டொக்டர் சொன்னதை, இரத்தத்தின் நிறத்தை, யூரியாவை. கந்தப்பு எழுந்து நின்று சேற்றுக் கையை இடுப்பில் வைத்தார்.

"யூரியா போட்டால் வெங்காயம் பெருக்கும். பிள்ளை நீலமாகுமோ? முப்பது வருசமாய்க் குடிக்கிறன், நான் என்ன நீலமோ?"

"உங்கடை கறுப்பிலை நீலம் எங்கையண்ணை தெரியப்போகுது?" என்றாள் அற்புதராணி. இருவரும் சிரித்தார்கள். "இது நல்லதண்ணி வாத்தியார். சவரெண்டால் நீங்கள் சொல்லுறது சரி."

"நல்லதெண்டது உப்பில்லை எண்டதுக்குத்தான் அற்புதம். வேறை ஒண்டுக்குமில்லை."

கந்தப்பு குரலைத் தாழ்த்தினார். "பாவம், துக்கத்திலை படிச்ச படிப்பெல்லாம் தலைக்கேறிட்டுது."

அவள் வாளியைத் தூக்கினாள். தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. அடியில் கிடந்த ஒரு செம்மண் துகள்கூடத் தெரிந்தது. இன்னும் பத்தடி நடந்தால் அவள் வேலி தாண்டிவிடுவாள்.

"பாலேஸ் நிக்கிறாள்" என்றான் சண்முகநாதன்.

அற்புதராணி நின்றாள். கந்தப்புவும் நின்றார்.

"கிணத்தடியிலை நிக்கிறாள். அதாலைதான் என்ரை பிள்ளை அப்பிடிக் கிடந்தது. பச்சைப்பிள்ளை இருக்கிற வீட்டுக்கு இந்தத் தண்ணி ஆகாது."

"கண்டனீங்களோ?"

"கண்டனான்."

"எப்பிடி நிண்டவ?"

அவன் யோசித்தான். "துலாவைப் பிடிச்சுக்கொண்டு. அந்தப் பச்சைச் சீலை."

"ஏதும் சொன்னவவோ?"

"பிள்ளையளுக்குக் குடுக்கவேண்டாமெண்டு சொன்னவள்."

அற்புதராணியின் கண் நிறைந்தது. வாளியை அந்த இடத்திலேயே சரித்தாள். தண்ணீர் அவளுடைய காலைச் சுற்றி ஓடிப் பாத்திக்குள் இறங்கியது. "அவ எப்பவும் நல்லவ" என்றாள். "செத்தும் எங்கடை பிள்ளையளைப் பாக்கிறா." பிறகு ஓட்டமும் நடையுமாகப் போனாள். கந்தப்பு தோட்டத்தின் மற்றப் பக்கத்துக்கு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனார். திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

மறுநாளிலிருந்து கைக்குழந்தை உள்ள வீடுகள் தோட்டமில்லாத கோயில் கிணற்றுக்கு நடந்தன. பிறகு மற்ற வீடுகளும் வரவில்லை. வாளிச் சத்தம் நின்றது. ஒழுங்கையால் போகிற பெண்கள் வேலிப் பக்கம் பார்க்காமல் நடந்தார்கள். யாருக்கும் இல்லையென்று சொல்லாதவளுடைய கிணற்றை அவன் ஒரே பொய்யில் மூடிவிட்டான்.

பள்ளிக்கூடம் விட்டு வந்த ஒரு பின்னேரம் அவன் கிணற்றுக் கட்டின்மேல் போய் இருந்தான். துலா காற்றில் மெல்ல ஆடியது. அவ்வளவு திருத்தமாகச் சொன்னான் அல்லவா, பச்சைச் சீலை வரைக்கும். தலையை நிமிர்த்தி அந்தப் பக்கம் பார்த்தான்.

யாரும் இல்லை. அவன் அப்போதுதான் அழுதான்.