ஏஞ்சலம்மாள் பெயர் போட்ட தூக்குச்சட்டி

என் மனைவி கோகிலவாணி இட்லி மாவு விற்கிறாள். நான் செம்பூர் ஸ்டேஷனுக்கு வெளியே ஆட்டோ ஓட்டுகிறேன். பிள்ளைகள் இரண்டும் ஊரில் என் அம்மாவிடம் இருந்து படிக்கிறார்கள். கல்யாணமான நாளிலிருந்து எங்களுக்குள் பெரிய சண்டை வந்ததில்லை. காரணம் எளிது, நான் வீட்டிலேயே இருந்ததில்லை. சாயங்கால ஷிஃப்ட் முடித்து தாராவிக்கு வரும்போது எங்கள் சந்தே தூங்கியிருக்கும். போன மழைக்காலத்தில் இடுப்புப் பிடித்துக்கொண்டதால் காலை ஷிஃப்டுக்கு மாறினேன். மத்தியானமே வீட்டுக்கு வந்துவிடுகிற புருஷன் குடும்பத்துக்கு ஆகாதவன். கண்ணில் பட வேண்டாததெல்லாம் படும்.

முதலில் பட்டது மாவு. பொழுது சாயும் நேரத்தில் பெண்கள் தூக்குச்சட்டியோடு வருவார்கள். வாசலில் குசுகுசுவென்று பேச்சு நடக்கும். நான் பனியனோடு எட்டிப் பார்த்தால் நின்றுவிடும். சட்டியைக் கோகிலா தன் கையால்தான் கொடுப்பாள், அவரவர் கையில்தான் கொடுப்பாள். ஒருநாள் நான் உதவிக்குப் போய் ஒரு சட்டியைத் தூக்கியபோது, சூடான தோசைக்கல்லைத் தொட்டவனை விலக்குவது போலத் தட்டிவிட்டாள்.

வாங்க வந்தவர்களில் ஜெயினுலாப்தீன் பெண்சாதியும் ஒருத்தி. ஜெயினுலாப்தீன் எங்கள் ஆட்டோ ஸ்டாண்டில்தான் இருக்கிறான். "வீட்ல ஒரு இட்லி கண்ணுல பாத்து வருசக்கணக்காச்சு அண்ணே, டெய்லி ரொட்டிதான்" என்று அன்று காலைதான் புலம்பியிருந்தான். அப்படியானால் அந்த மாவு எங்கே போகிறது?

இரண்டாவது, தையல் கிளாஸ். புதன்கிழமைதோறும் செம்பூருக்குத் தையல் கற்கப் போகிறேன் என்றாள். மாதங்கள் ஓடின. கிழிந்த என் காக்கிச் சட்டைப் பை அப்படியே தொங்கியது. மூன்றாவது, அவள் போனில் அடிக்கடி வந்த அழைப்பு. 'உளுந்து சுனிதா' என்று பெயர் வரும். அந்த உளுந்துக்காரியிடம் இவள் ஒருமுறைகூட உளுந்தைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை.

ஒரு புதன்கிழமை அவளைத் துப்பறிவதென்று முடிவெடுத்தேன். செம்பூரில் பஸ்ஸை விட்டு இறங்கி நடந்தவளுக்குப் பின்னால் என் சொந்த ஆட்டோவிலேயே மெதுவாக ஊர்ந்தேன். அதற்குள் பெரிய மூட்டையோடு ஒரு அம்மாள் ஏறி உட்கார்ந்து "தேவ்நார்" என்றாள். மாட்டேன் என்றால் கம்ப்ளெய்ன்ட் கொடுப்பாளாம். மீட்டரைப் போட்டேன். மனைவி ஒரு சந்தில் திரும்பி மறைய, நான் தேவ்நாருக்குப் போனேன். மூட்டையை அந்த அம்மாளின் வீட்டு வாசல் வரை தூக்கிக்கொண்டு போய் வேறு வைத்தேன். இடுப்பு மறுபடி பிடித்துக்கொண்டது. துப்பறிதலில் எனக்குக் கிடைத்தது அவ்வளவுதான்.

எங்கள் வீட்டுக்கு எதிரே ஏஞ்சலம்மாள் வீடு. நாசரேத் பக்கத்துக்காரர். ஒரு நர்சிங் ஹோமில் ஆயாவாக இருந்து ஓய்வு பெற்றவர். மகன் சாஜன் கப்பலில் சமையல் வேலை, எட்டு மாதமாகக் கடலில் இருந்தான். மருமகள் ஜெனிஃபர், இரண்டு பெண் குழந்தைகள். இரண்டும் ஆப்பரேஷன் பிரசவம். சின்னவள் பிறந்தபோது ஜெனிஃபரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது நான்தான். ரத்தம் நிற்கவில்லை. பின் சீட்டை நான்தான் கழுவினேன், அதை மட்டும் இதுவரை வேடிக்கையாகச் சொல்ல எனக்கு வந்ததில்லை. "மூணு வருசத்துக்கு இன்னொண்ணு உண்டாகக் கூடாது. உண்டானா அம்மாவுக்கு நான் பொறுப்பில்ல" என்று டாக்டரம்மா சொன்னதை ஏஞ்சலம்மாளுக்குப் பக்கத்தில் நின்று நானும் கேட்டேன். ஆனால் ஜெபக்கூட்டத்தில் ஏஞ்சலம்மாள் எழுந்து நின்று பேரனுக்காக வேண்டுவதைச் சந்தே கேட்டுக்கொண்டிருந்தது. சாஜன் அடுத்த வெள்ளிக்கிழமை லீவில் வருவதாக இருந்தது.

அந்த வாரம் ஒரு சாயங்காலம் கோகிலா தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள். அலமாரிக்கு மேலே, மற்றவற்றிலிருந்து தள்ளி, ஒரு தூக்குச்சட்டி இருந்தது. நிரப்பி மூடி வைத்திருந்தாள். மூடியைத் திறக்கலாமா என்று கை போனது. திறக்கவில்லை. எனக்கும் ஒரு கௌரவம் இருக்கிறதே. சட்டியை நானே கொண்டுபோய் உரியவரிடம் கொடுத்து, வாங்குகிறவர் முகத்தைப் படித்தால் மர்மம் தெரிந்துவிடும் என்று கணக்குப் போட்டேன்.

உரியவர் யார் என்பதில் சந்தேகமே இல்லை. நம் பாத்திரங்களில்தான் பெயர் வெட்டியிருக்குமே. கல்யாணச் சீராக வந்த கனத்த சட்டி அது. கழுத்தைச் சுற்றிப் புள்ளி புள்ளியாக 'சூ. ஏஞ்சலம்மாள்' என்று இருந்தது. மாமியார் சீர்ப் பாத்திரத்தை மருமகள்தான் புழங்குவாள் என்பது ஆட்டோக்காரன் புத்திக்கு எட்டவில்லை.

எதிர் வீட்டில் ஏஞ்சலம்மாள் மீன் கழுவிக்கொண்டிருந்தார். ஜெனிஃபர் சின்னவளை இடுப்பில் வைத்துச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள்.

"பெரியம்மா, மாவு."

"நான் மாவு கேக்கலையே."

"உங்க பேருதான் போட்டிருக்கு."

நான் படிக்க வந்த முகம் அது இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. பின்னால் ஜெனிஃபர் கையில் சோற்று உருண்டை அப்படியே நின்றது. அவள் முகத்தில் ரத்தமே இல்லை. அந்த நிறத்தை என் ஆட்டோக் கண்ணாடியில் முன்பே ஒருமுறை பார்த்திருக்கிறேன்.

ஏஞ்சலம்மாள் கையைச் சேலையில் துடைத்துவிட்டு மூடியைத் திறந்தார். மாவைப் பார்த்தார். பிறகு மூடியின் உள்பக்கத்தைத் திருப்பினார். பிளாஸ்டிக் கவரில் மடித்து டேப் போட்டு ஒட்டிய மாத்திரை அட்டைகள்.

"இது என்ன மாத்திரைய்யா?"

"தலைவலிக்கா இருக்கும்."

"நான் முப்பது வருசம் ஆஸ்பத்திரில கெடந்தவ. தலைவலி மாத்திரை எனக்குத் தெரியும். இது புள்ள உண்டாகாம இருக்கத் திங்குற மாத்திரை." அவர் ஜெனிஃபர் பக்கம் திரும்பவில்லை. என்னையேதான் பார்த்தார். "எம்மவன் கப்பல்ல இருக்கான். இந்த வீட்டுச் சட்டில இது எதுக்கு வருது?"

அந்தக் கேள்வி எந்தத் திசைக்குப் போகும் என்பது எனக்குத் தெரியும். புருஷன் ஊரில் இல்லாதவள் கையில் அந்த அட்டை இருந்தால் சந்து என்ன சொல்லும், வெள்ளிக்கிழமை வந்து இறங்குகிறவன் காதில் அது எப்படி விழும் என்று யோசிக்கப் பெரிய மூளை வேண்டாம். என்னுடையதே போதும்.

"அது என்னுது, பெரியம்மா. சட்டி மாறிப்போச்சு."

"உன்னுதா?"

"வீட்டுக்குத்தான். கோகிலாவுக்கு."

"உம்பொண்டாட்டிதான் ரெண்டாவது புள்ளையோட குடும்பக்கட்டுப்பாடு ஆப்பரேசன் பண்ணிட்டாளே. கூட இருந்து ரசம் வச்சுக் குடுத்ததே நான்தான்." கண்களைச் சுருக்கினார். "அப்ப இது யாருக்கு வேல்ராசு?"

அட்டைகளை வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினேன். அவர் கொடுக்கவில்லை.

"போன புதன்கிழமை நம்ம சந்து முருகம்மா உன்ன தேவ்நார்ல பாத்தாளாம். ஒரு பொம்பளைக்கு மூட்டை சுமந்துட்டு வீட்டுக்குள்ள போனியாமே. நான்தான் நம்பல."

வாசல் வரைதான் போனேன் என்று சொல்ல வந்தேன். சொல்லியிருந்தால் அடுத்த பார்வை எங்கே திரும்பும்? ஜெனிஃபர் குழந்தையின் வாயைத் துடைத்துக்கொண்டே இருந்தாள், அதில் சோறே இல்லை. நான் தலையைக் குனிந்துகொண்டேன். அட்டைகளை வாங்கிச் சட்டைப் பையில் போட்டேன். கிழிந்த பையாதலால் அவை கீழே விழுந்தன. பொறுக்கிக்கொண்டு வந்தேன்.

தண்ணீர்க் குடத்தோடு கோகிலா வருவதற்கு முன் செய்தி குழாயடிக்கே போயிருந்தது. குடத்தை இறக்கிவைத்து, என்னை மேலும் கீழுமாகப் பார்த்தாள்.

"யாரு அந்த தேவ்நார்க்காரி?"

"உன் பின்னால வந்தப்ப ஏறின சவாரி."

"என் பின்னால எதுக்கு வந்திய?"

அதற்குப் பதில் சொல்லி முடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது. கேட்டு முடித்தவள் இட்லிக் கொப்பரையைத் திறந்து உள்ளிருந்ததை எடுத்துப் பாயில் வைத்தாள். பிரஷர் பார்க்கும் கருவி, மாத்திரை அட்டைகள், ஆணுறை, தையல் கிளாஸ் என்று நான் நம்பியிருந்த பை. செம்பூரில் ஒரு கிளினிக், சந்துக்கு ஒரு பெண்ணைத் தேர்ந்து பயிற்சி கொடுக்கிறதாம். சுனிதா அங்கே நர்ஸ். ஆஸ்பத்திரிக்குப் போக நேரமும் துணையும் இல்லாதவர்களிடம் இவள் கேட்க வேண்டியதைக் கேட்டு, பிரஷர் பார்த்து, முதல் தடவை கிளினிக்குக்குக் கூட்டிப்போய் டாக்டரிடம் காட்டி, அதற்குப் பிறகு வாசலிலேயே கொடுக்கிறாள். மாவு வாங்குகிறவளை யாரும் எங்கே போனாய் என்று கேட்பதில்லை.

"எங்கிட்டச் சொல்லிருக்கலாமே."

"உங்கள்ட்டயா? நம்ம கல்யாணத்தன்னைக்கு உங்க மாப்பிள்ளை வேட்டி அவுந்து விழுந்தது மொதக்கொண்டு செம்பூர் ஸ்டாண்டுல எல்லாருக்கும் தெரியும். ஜெனி சொன்ன ரகசியத்த உங்க வாயில போட்டா ரயில்வே மைக்ல போட்ட மாதிரி."

உண்மைதான். வேட்டிக் கதையைக் கல்யாண் ஊர் வரை போகிற பயணிகள்கூட ரசித்திருக்கிறார்கள்.

அவள் சேலையை இழுத்துச் செருகினாள். "நான் போயி ஏஞ்சல் பெரியம்மாட்ட உண்மையச் சொல்லிட்டு வாரேன். உங்க பேரு நாறிக் கெடக்கு."

"வேண்டாம்."

"சந்துல தலை காட்ட முடியாது, பாத்துக்கோங்க."

"ஜெனிக்கு அட்டைய மொதல்ல எப்படியாவது குடு."

அவள் என்னைப் பார்த்த பார்வையில் அப்போதும் கொஞ்சம் சந்தேகம் இருந்தது. கணவன் திடீரென்று நல்லவனானால் எந்தப் பெண்ணுக்கும் வரும்.

அடுத்த நாளிலிருந்து நான் 'தேவ்நார் மாப்பிள்ளை'. ஜெயினுலாப்தீன் ஸ்டாண்டில் என்னைக் கண்டதும் மூட்டை சுமப்பது போல நடந்து காட்டுவான். அவன் பெண்சாதி சட்டி மூடியில் என்ன போகிறது என்பது எனக்குத் தெரியும், ஒரே வரியில் அவன் வாயை அடைத்துவிடலாம். என் வாழ்நாளில் கிடைத்த ஆகச் சிறந்த வேடிக்கை அது. அதை விழுங்கிவிட்டு, தினமும் டீ குடித்தேன். மாவு வாங்க வரும் பெண்கள் கோகிலாவிடம் துக்கம் விசாரித்தார்கள். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்வாள். அழுகிறாள் என்று அவர்கள் நினைத்தார்கள்.

சாஜன் வந்தான். சாக்லேட் கொடுத்தான். அம்மாவிடம் விஷயம் கேட்டிருப்பான் போல, என்னைப் பார்த்துத் தர்மசங்கடமாகச் சிரித்தான். ஜெனிஃபர் என்னைத் தாண்டிப் போகும்போதெல்லாம் தரையைப் பார்த்தாள். ஏஞ்சலம்மாள் மட்டும் எங்கள் வாசலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருக்கு என்ன தெரியும், எவ்வளவு தெரியும் என்று எனக்குப் பிடிபடவில்லை. அவருக்குத் தெரியாமல் ஜெனிஃபர் கைக்கு அட்டை போனதா என்று கோகிலாவைக் கேட்டுப் பார்த்தேன். "அது உங்களுக்கு எதுக்கு?" என்றாள்.

லீவு முடிந்து சாஜனை என் ஆட்டோவில்தான் ஏர்போர்ட்டில் இறக்கினோம். திரும்பும்போது பின்னால் ஏஞ்சலம்மாள், ஜெனிஃபர், குழந்தைகள். சிக்னலில் நின்றபோது ஏஞ்சலம்மாள் பேசினார்.

"வேல்ராசு, அந்த தேவ்நார்க்காரி மாத்திரைய ஒழுங்காத் திங்காளா?"

கண்ணாடியில் பார்த்தேன். ஜெனிஃபர் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தாள்.

"திங்கா, பெரியம்மா."

"விட்டுறக் கூடாதுன்னு சொல்லு. ரெண்டு ஆப்பரேசன் ஆன உடம்பு."

சிக்னலில் பச்சை விழுந்துவிட்டது. பின்னால் ஹாரன். தேவ்நார்க்காரிக்கு ஆப்பரேஷன் நடந்ததாக நான் யாரிடமும் சொன்னதில்லை. அப்படி ஒருத்தியே இல்லை.

"அந்த டாக்டரம்மா சொன்னத நீ மட்டுமா கேட்ட," என்றார் ஏஞ்சலம்மாள், குழந்தையின் தொப்பியைச் சரி செய்தபடி. "ஜெபத்துல வாய் ஒண்ணு கேக்கும். அதுக்காக இவளத் தூக்கிக் குடுத்துற முடியுமா? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிருக்கலாம். என்னப் பாத்தா அவ்வளவு பயம்." ஜெனிஃபரின் கை மெல்ல நகர்ந்து மாமியாரின் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டதைக் கண்ணாடியில் பார்த்தேன். "அடுத்த மாசத்துலேருந்து என் சட்டிக்கு நானே வாரேன். புள்ளையத் தூக்கிட்டு இவ அலைய வேண்டாம். அந்த முருகம்மா மருமகளையும் கூட்டிட்டு வரணும், வருசம் ஒண்ணு பெத்துப் போடுதா."

சயான் பக்கம் வண்டியைத் திருப்பினேன். பிறகுதான் என் சொந்தக் கவலை ஞாபகம் வந்தது.

"அப்ப என் பேரு, பெரியம்மா? சந்துல ஒரு வார்த்த சொல்லிருவீங்கல்ல?"

"என்னன்னு சொல்ல? சொன்னா இவ பேரு வெளிய வரும்லா." கொஞ்சம் யோசித்தார். "உனக்கென்னய்யா. முன்னால மட்டும் உன் பேரு என்ன வாழ்ந்துச்சு?"

பின்சீட்டில் ஜெனிஃபர் சிரித்துவிட்டாள். நான் கியரை மாற்றினேன்.