தூக்கிக் காட்டிய கை

வீடு வாங்க வந்தவர்கள் கிணற்றடி வரை சுற்றிப் பார்த்துவிட்டுப் போன பிறகும் றம்லா குசினி அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. கிண்ணியாவில் சீதனமாகப் பெண்பிள்ளைக்குத்தான் வீடு. மகள் நிப்லா பிறந்ததுமே றம்லாவின் புருசன் கலீலுர் றஹ்மான் அத்திவாரம் போட்டு, துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய சம்பளத்தில் ஒவ்வொரு அறையாக எழுப்பிய வீடு அது. இப்போது அவள் பெயரில் இருக்கிறது. விற்பதென்றால் அவள்தான் கையெழுத்து வைக்க வேண்டும்.

ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிஸ்டாக இருக்கும் நிப்லா முதுமாணிப் படிப்புக்கு இரண்டு இடங்களில் விண்ணப்பித்தாள். கெட்டகாலம், இரண்டுமே கிடைத்துவிட்டன. கண்டியில் சனி ஞாயிறு வகுப்பு; வேலையை விடத் தேவையில்லை, சம்பளத்திலேயே சமாளிக்கலாம். மற்றது ஸ்கொட்லாந்தில், பெயரைச் சொன்னால் பெரிய டொக்டர்மாரும் திரும்பிப் பார்க்கும் பல்கலைக்கழகம். அதற்கு இந்த வீடு போகவேண்டும். கண்டி போதும் என்று அவள் சொன்னதிலிருந்து வாப்பா முகம் கொடுத்துக் கதைக்கவில்லை; வீடு பார்க்க ஆட்களைக் கூப்பிட்டதும் அவர்தான். பாரிசவாதத்தில் விழுந்த அவருடைய வலது கைக்குக் காலையும் மாலையும் அவள்தான் பயிற்சி கொடுக்கிறாள். அந்தக் கைக்காகத்தான் மகள் தங்கப் பார்க்கிறாள் என்பது அவர் எண்ணம். அது உண்மைதான். ஆனால் ஸ்கொட்லாந்துக்குப் போக அவளுக்குக் கொள்ளை ஆசையும் இருந்தது, அதை நினைக்க வெட்கமாகவும் இருந்தது.

அன்று வாப்பா விறாந்தைக் கதிரையில் இருந்தபடி அவளைக் கூப்பிட்டார். போய் நின்றதும் வலது கையை நெஞ்சுக்கு மேலே தூக்கிக் காட்டினார்.

"பாத்தீங்களா மகள்? இனி எனக்கு ஒருத்தரும் தேவல்ல. நீங்க போங்க."

றம்லா குசினி வாசலுக்கு வந்தாள். கையைக் கண்டதும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். "வீடு போனாப் போகட்டும். வித்துப்போடுவம்" என்றாள்.

நிப்லா கையைப் பார்க்கவில்லை, தோளைத்தான் பார்த்தாள். தோளைக் காதுவரை ஏற்றி, உடம்பை இடப்பக்கம் சாய்த்து, அந்த இழுவையில்தான் கையைக் கிளப்பியிருந்தார். கையில் பலம் துளியும் கூடவில்லை. இப்படித் தூக்கினால் தோளும் கெட்டுப்போகும் என்று நோயாளிகளை அவள் ஏசுவாள். ஆரும் பார்க்காத நேரமாகப் பார்த்துப் பழகியிருக்கிறார்.

"எப்பிடி மகள்?" வாப்பா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நெற்றி வியர்த்திருந்தது.

"நல்லா வந்திட்டுது, வாப்பா."

சொன்னது அவருக்காகவா தனக்காகவா என்று அவளுக்கே விளங்கவில்லை. வீடு பார்த்தவர்களுக்கு டெலிபோன் எடுக்க றம்லா உள்ளே போனாள். வாப்பாவின் விரல்கள் நடுங்கத் தொடங்கின. அவர் இன்னும் கையை இறக்கவில்லை.