தோல் வைத்த கியர்ப்பெட்டி

கோளாறு கேபிளில் இல்லை. கேபிள் என்று சொன்ன அத்தனை பேரும் கியர்ப்பெட்டியைத் திறக்கப் பயந்தவர்கள். நான் திறக்கத்தான் போகிறேன். பாழானால் என் பொருள்தானே பாழாகும்.

யோகலட்சுமி அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. பட்டறை வாசலில் மெக்கானிக் முக்தார் அகமது, அவள் இரவல் கேட்ட கருவிகளைக் கொடுப்பதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

“யக்கா, அந்த ஸ்கூட்டர் என்னவிட வயசுல மூத்தது. ரெண்டாவது கியர் நிக்கலன்னா வுடு. ஒண்ணுலருந்து மூணுக்குத் தாவிப் போ. இன்னாத்துக்குப் பேஜாரு?”

“தாவிப் பாத்துட்டேன் பாய். மேம்பாலத்து ஏத்தத்துல நின்னுடுது.”

“அப்ப ஏத்தம் இல்லாத ஊராப் பாத்துக் குடிபோ.”

சிரித்துக்கொண்டேதான் கொடுத்தார்.

அது அவள் அப்பா சம்பந்தம் ஓட்டிய வண்டி. அவர் போன பிறகு வீட்டைத் தம்பி பரத்துக்கு விட்டுக்கொடுக்கச் சொன்னார்கள். அவள் கையெழுத்துப் போட்டாள். “பொண்ணு வெறுங்கையோட போவக் கூடாது, அந்த வண்டிய எடுத்துக்கோ” என்று அம்மா பங்கஜம் சொன்னபோது கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். ஒழுங்காக ஓடாத வண்டி. அவளும் சேர்ந்து சிரித்தாள். தான் ஏன் சிரித்தோம் என்று பள்ளிகொண்டா வாடகை வீட்டுக்கு வந்த பிறகும் அவளுக்கு விளங்கவில்லை.

ஆம்பூரில் ஷூ கம்பெனி வேலை. வேன் வரும்போது ஏறி, விடும்போது இறங்கியே இத்தனை வருடம் போய்விட்டது. நினைத்தபோது கிளம்பவும் நினைத்த இடத்தில் நிற்கவும் ஒரு வண்டி வேண்டும். அவ்வளவுதான் அவள் ஆசை.

ஞாயிற்றுக்கிழமை கழற்றினாள். கியரைத் தள்ளும் பகுதி வெளிப்பக்கம் பொருந்தும் இடத்தில், ஆயில் கசியாமல் அடைக்கும் காகிதப் பேக்கிங் இருக்கவேண்டிய இடத்தில், கறுப்பாக ஏதோ எண்ணெயில் ஊறிக் கிடந்தது. தொட்டதுமே தெரிந்தது. தோல். ஷூவுக்கு மேல்பக்கம் தைக்கிற நல்ல தோல்.

அப்பாவின் வேலை. குழாய் ஒழுகினாலும் கட்டில் ஆடினாலும் தோல் தொழில் நடக்கிற இந்தப் பக்கத்தில் எல்லாரும் ஒரு துண்டுத் தோலைத்தான் வெட்டி வைப்பார்கள். அவரும் ஆயில் ஒழுகியதற்கு வைத்திருக்கிறார். ஒழுகல் நின்றது. ஆனால் தோலின் கனத்துக்கு அந்தப் பகுதி வெளியே தள்ளி நின்றதால், உள்ளே கியரைப் பிடிக்கும் நாலு முனைக் கிராஸ் முழுதாக நகரவில்லை. ஓரத்தில் மட்டும் கடித்துக் கடித்து முனைகள் மழுங்கிவிட்டன.

‘பொட்டப் புள்ளைக்குக் கியர் வராது’ என்று வண்டியைத் தொடவே விடாதவர் அவர். உங்களுக்கும் வரலியேப்பா, என்று நினைத்தாள். கோபமும் சிரிப்புமாக வந்தது. இந்த முறை சிரிப்பு அவளுடையது.

முக்தாரிடம் புதுக் கிராஸ் வாங்கி மாட்டினாள். காகிதம் வெட்டி வைத்தாள். ஒருமுறை தப்பாகச் சேர்த்துவிட்டு எல்லாவற்றையும் மறுபடி பிரித்தாள். மறு ஞாயிறு மேம்பாலத்து ஏற்றத்தில் இரண்டாவது கியர் போட்டாள். பின்னால் லாரிக்காரன் ஹாரன் அடித்துத் தீர்த்தான். அவள் ஒதுங்கவில்லை. கியர் நழுவவில்லை. பாலத்தின் உச்சியில் தன் வாயிலிருந்து வந்த கூச்சலைத் தானே கேட்டு அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

வீட்டு வாசலில், இப்போது பெங்களூரில் இருக்கும் பரத்தின் கார் நின்றது. அவனும் அம்மாவும் வந்திருந்தார்கள்.

“யக்கா, சவுண்டே மாறிப்போச்சே! யார் பாத்தது, பாயா?”

“நான்தான்.”

“ரீல் வுடாத.” அவன் வண்டியைச் சுற்றிவந்தான். “பெங்களூர்ல இப்ப இதுக்குத்தான் மவுசு. பெயிண்ட் அடிச்சி அப்பா ஞாபகமா வெச்சிக்கிறேன். உனக்குக் கியரே இல்லாத புது வண்டி வாங்கித் தர்றேன். கால ஆட்டிக்கினு போலாம்.”

நியாயமான பேச்சு. அதுதான் அவளைப் பயமுறுத்தியது. அவன் கெட்டவனில்லை. வீட்டையும் இப்படி அன்பாகத்தான் கேட்டார்கள். அன்பாகக் கேட்டால் தன் கை தானாகத் திறந்துகொள்ளும் என்று எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. தனக்குத்தான் இவ்வளவு தாமதமாகத் தெரிகிறது.

“ஆம்பளப் புள்ள ஆசப்படுறான்” என்றாள் அம்மா. “பழசுதானடி, குடுத்துட்டுப் போயேன்.”

பரத் சாவிக்குக் கை நீட்டினான்.

“குடுக்க மாட்டேன் பரத்.” அவள் குரல் உயரவில்லை. “உள்ள வாங்க, காப்பி போடறேன்.”